மதுரைப் பக்கம் இருந்துகொண்டே வனவிலங்குப் பாதுகாப்பு வேலைக்குப் போக என்ன வழி?

வாணி_மேலூர்:

வணக்கம். விலங்கியல் இளங்கலை கடைசி வருடம் படிக்கிறேன். ஊர் மேலூர் பக்கம், அரிட்டாபட்டி கூப்பிடு தூரம். ஊர் மக்களோடு சேர்ந்து பறவை, விலங்கு, கண்மாய் இவற்றைக் காப்பாற்றுகிற வேலைக்குத்தான் போகவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் பி.எட். படி என்கிறார்கள்.

மேற்படிப்பு எங்கே படிக்கலாம்? வனத்துறைத் தேர்வா, தொண்டு நிறுவனமா, ஆராய்ச்சியா, எது பொருந்தும்? "மக்களோடு வேலை" என்றால் நாள்தோறும் என்னதான் செய்வார்கள்? படிப்பு முடிவதற்குள் ஊரில் இருந்தே எதைத் தொடங்கலாம்?

இன்னொரு விஷயம். எங்கள் பக்கத்துக் கண்மாயில் நாரைகள் கூடு கட்டுகின்றன. மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமை) எடுத்தவர் வேட்டுப் போட்டு விரட்டுகிறார். ஒரு மாணவியால் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

வைகைக்கரை:

மேற்படிப்பு பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் வனவிலங்கு உயிரியல் முதுகலைக்குப் பேர்போன இடங்கள் இரண்டு: மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரி. உதகை அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு, காடும் பக்கத்திலேயே. சூழலியல் முதுகலை என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். நாடு முழுவதும் போட்டி போடுகிற இடங்கள் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்.சி.பி.எஸ்.). என்.சி.பி.எஸ்.ஸில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஆள் எடுப்பார்கள். நீங்கள் பட்டம் வாங்குகிற வருடம் சேர்க்கை இல்லாமல் போகலாம். அப்படிப் போனால் அந்த ஒரு வருடத்தைக் களப்பணியில் செலவிடுங்கள். நேர்காணலில் அதற்கு மதிப்பு உண்டு.

அந்த நேர்காணலில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்றால், விலங்குகள் மேல் எவ்வளவு பிரியம் என்று சொல்வார்கள், ஒரு கேள்வியை அளக்கிற மாதிரி மாற்றச் சொன்னால் திணறுவார்கள். "அரிட்டாபட்டியில் லகுடு வல்லூறு குறைகிறது" என்று சொன்னால் போதாது. எந்தப் பாறை, எந்த மாதம், எத்தனை மணி நேரம் பார்த்தால் எத்தனை தடவை கண்ணில் படுகிறது, போன வருடமும் அதே அளவு நேரம்தான் பார்த்தார்களா, இதெல்லாம் வரவேண்டும். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். க்யூஜிஐஎஸ் என்பது வரைபடம் வரைகிற இலவச மென்பொருள், இப்போதே கணினியில் ஏற்றி உங்கள் ஊர் எல்லையையும் கண்மாய்களையும் வரைந்து பழகுங்கள்.

உங்கள் மனது மக்கள் பக்கம் சாய்கிறது என்றால் வனவிலங்குப் படிப்பு ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். மதுரையிலேயே, முன்பு டாடா-தான் அகாடமி என்று பெயர் இருந்த தான் அகாடமி இருக்கிறது, இரண்டு வருட வளர்ச்சி மேலாண்மைப் படிப்பு. அதை நடத்துகிற தான் அறக்கட்டளை கண்மாய்ப் பாசன விவசாயிகளை வயலகம் என்ற பெயரில் சங்கமாகத் திரட்டி நீண்டகாலமாக வேலை செய்கிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இருக்கிறது, ஊரக வளர்ச்சி படிக்கலாம். கேமரா பொறி (விலங்கு கடக்கும்போது தானே படம் எடுக்கிற கருவி) வைக்கத் தெரிந்தவர்கள் இன்று நிறையப் பேர். நாற்பது பேர் உட்கார்ந்த ஊர்க்கூட்டத்தில் சண்டை வராமல் ஒரு முடிவுக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

பி.எட். வீண் இல்லை என்பது என் கருத்து. பள்ளிப் பிள்ளைகளோடு இயற்கைக் கல்வி நடத்த ஆள் தேடுகிற அமைப்புகள் உண்டு, பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு அங்கே முன்னுரிமை. ஆனால் முதலில் எது என்று கேட்டால் முதுகலைதான்.

சிறுமலைச்சாரல்:

ஊரில் இருந்தே தொடங்குவது பற்றி. ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கண்மாய்க்கு ஒரு தடவை போவதைவிட ஒரே கண்மாய்க்குப் பத்துத் தடவை போவதுதான் பயன்படும்.

முறை இதுதான். கரைமேல் மூன்று அல்லது நான்கு இடங்களை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் கைப்பேசி வரைபடத்தில் குறித்துவிடுங்கள். காலையில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற கரையாகப் பார்த்து நிற்கவேண்டும், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அதே நேரம், அதே வரிசை. பெரிய கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, பத்துப் பத்தாகத் தள்ளிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் அளவையும் எழுதுங்கள். மடைக்கல்லில் எந்தப் படி வரை நிற்கிறது, கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறுகிற இடம்) வழிகிறதா என்று. நிறையப் பேர் பறவையை எழுதிவிட்டுத் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு எண்ணிக்கை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று விளக்கவே முடியாமல் போகிறது.

கூடுகளைக் கரையில் இருந்து மட்டும் எண்ணுங்கள். தண்ணீருக்குள் இறங்கியோ பரிசலிலோ மரத்துப் பக்கம் போனால் தாய்ப்பறவைகள் எழும்பிவிடும். அந்தச் சில நிமிடத்தில் காகமும் பருந்தும் முட்டையைத் தூக்கிவிடும், உச்சி வெயிலாக இருந்தால் குஞ்சு வெந்துபோகும். 8×42 இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று போதும், சுமாரானது பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 10 மடங்கு வேண்டாம், கை நடுக்கம் பெரிதாகத் தெரியும்.

எழுதியதை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள், பார்த்த இனம் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பட்டியலாக. காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் போட்டால் அந்தப் பட்டியலை ஆய்வுக்குப் பயன்படுத்த முடியாது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும், பதினைந்து நிமிடம் பார்த்தாலே ஒரு பட்டியல் போடலாம். மதுரையில் சாமநத்தம் கண்மாய்க்குப் பறவை பார்க்கிறவர்கள் அடிக்கடி போவார்கள். அவர்களோடு சில ஞாயிற்றுக்கிழமை போனால் அடையாளம் காண்பது பழகிவிடும்.

தேவாங்கு மேல் ஆர்வம் இருந்தால் நத்தம், அய்யலூர் பக்கம் போகலாம். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பு இரவில்தான். தலைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு பேராக நடப்பார்கள். விளக்கு கண் மட்டத்தில் இருக்கவேண்டும், கையில் தாழப் பிடித்தால் கண்ணொளி திரும்பி நம் கண்ணுக்கு வராது. கிளைக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பொட்டு பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் அது தேவாங்காக இருக்கலாம். தரையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் பெரும்பாலும் பக்கிக்குருவி என்ற இரவுப் பறவை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இரவில் நுழைவது குற்றம், மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி கையில் இருக்கவேண்டும். பார்த்த இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் தேவாங்கைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏட்டுக்கரை:

வாணி கேட்ட வேட்டுப் பிரச்சினைதான் "மக்களோடு வேலை" என்பதற்குச் சரியான உதாரணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன்பாசி ஏலத்தை யார் விட்டது என்பது தனிக் கேள்வி. ஏல உத்தரவின் நகலைக் கேளுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் தரவேண்டும். குத்தகை எந்தப் பசலியில் முடிகிறது என்று அதில் இருக்கும். பசலி என்பது அரசின் வருவாய்க் கணக்கு வருடம், ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். அடுத்த ஏலத்துக்கு முன்னால்தான் புது நிபந்தனை சேர்க்க முடியும் என்பதால் இந்தத் தேதி முக்கியம்.

அடுத்தது, குத்தகைதாரரிடம் போவதற்கு முன்னால் எந்தப் பறவை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஊரில் நாரை, கொக்கு என்றுதான் சொல்வார்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு நெல் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. அதற்கு நத்தைதான் முக்கிய இரை, மீன்குஞ்சு அல்ல. அரிவாள் மூக்கன் சேற்றைக் கிளறிப் பூச்சி, புழு, நண்டு, தவளை என்று தின்னும். மீனைத் தூக்குவது நீர்க்காகமும் கூழைக்கடாவும்தான், மஞ்சள் மூக்கு நாரையும் சேர்த்தி. குத்தகைதாரர் விரட்டுகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் நத்தைகுத்தி என்று உங்கள் கணக்கேடு காட்டினால் பேச்சு அங்கேயே இளகும். அதற்காக மீனே தின்னாது என்று சொல்லிவிடாதீர்கள். தினமும் கரையில் கிடக்கிறவருக்கு உண்மை தெரியும், ஒரு தடவை நம்பிக்கை போனால் திரும்ப வராது.

அவருடைய நட்டத்துக்கு ஒரு வழி கையில் இருக்கவேண்டும். மழைத் தண்ணீர் வந்ததும் நுண்குஞ்சாகவே கட்லா, ரோகு விட்டுவிடுவதால்தான் இழப்பு அதிகம். ஒரு மூலையில் வலைத்தடுப்புக்குள் வளர்த்து, விரல் நீளம் தாண்டிய பிறகு திறந்துவிட்டால் தப்பிப் பிழைக்கிற எண்ணிக்கை கூடும். மீன்வளத்துறை ஆய்வாளரை வரவழைத்து அவர் வாயால் சொல்லவைப்பது நல்லது. பறவையைத் தடுக்க மேலே தங்கூசி வலை கட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நரம்பு கண்ணுக்குத் தெரியாது, சிறகும் காலும் சிக்கிச் செத்துத் தொங்கும்.

சட்டம் கடைசி ஆயுதம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் "வேட்டை" என்ற சொல்லின் விளக்கத்திலேயே காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். ஆக, கூடு இருக்கிற மரத்தடியில் வேட்டுப் போடுவது வழக்குக்கு இடம் தரும். இதை முதல் நாளே சொன்னால் அவர் எதிரியாகிவிடுவார், ஊரில் பாதி அவருக்குச் சொந்தமாக இருக்கும். இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகு, வனச்சரகர் முன்னிலையில் வந்தால் போதும்.

குத்தகைதாரரோடு மட்டும் பேசி முடித்துவிட்டால் பாதி வேலைதான் ஆகும். கண்மாயில் உரிமை உள்ளவர்கள் நிறையப் பேர். மடை திறக்கிற நீர்பாய்ச்சி, ஆயக்கட்டு விவசாயிகள், கரையில் கிடை போடுகிற கீதாரி, உள்வாயில் (கண்மாயில் தண்ணீர் தேங்குகிற பகுதியில்) மாடு மேய்க்கிறவர்கள், கரையில் இருக்கிற கோயிலின் பூசாரி. கூடு காலம் இந்தப் பக்கம் பெரும்பாலும் நவம்பரில் இருந்து மார்ச் வரை. கடைசி நெல்லுக்காகப் பிப்ரவரி வாக்கில் மடையைத் திறந்து ஒட்ட வடித்துவிட்டால் மரத்தடி காய்ந்துவிடும். நாய் உள்ளே வரும், கீழே விழுந்த குஞ்சு மிஞ்சாது. விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூடு உள்ள மரங்கள் ஆழமான மடுவில் இருந்தால், மடை மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீரை மீன் பிடிப்பதற்காக மோட்டார் வைத்து இறைக்காமல் சில வாரம் தள்ளிப்போடச் சொல்லலாம். அது நடக்கக்கூடிய கோரிக்கை.

மர ஏலத்தையும் கவனியுங்கள். கண்மாய் உள்வாயில் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட நாட்டுக்கருவேல் வெட்டும் ஏலமும், சீமைக்கருவேலம் அகற்றும் வேலையும் கூடு காலத்தில் வந்துவிட்டால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். சீமைக்கருவேலம் போகவேண்டியதுதான், ஆனால் வேறு மரம் இல்லாத கண்மாயில் பறவை அதில்தான் கட்டும். குஞ்சு பறந்த பிறகு கோடையில் வெட்டட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. அதற்குள் நாட்டுக்கருவேலோ நீர்க்கடம்போ நட்டு ஆளாகியிருக்கவேண்டும்.

ஊரே கட்டுப்பாடு போட்ட முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குக்கூட வேட்டு கிடையாது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பத்துக் கூட்டம் போட்டுச் சொல்வதை அந்த ஊர்க்காரர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார்.

வாணி_மேலூர்:

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். கண்மாய் நீர்வளத்துறையுடையதுதான். இரண்டு சந்தேகம். கிராம சபையில் இதை வைப்பது எப்படி? அரிட்டாபட்டி மாதிரி பல்லுயிர் மரபுத் தலமாக (பலவகை உயிர்கள் வாழ்கிற சிறப்பிடமாக) அரசு அறிவித்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடுமா? வனத்துறைத் தேர்வு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

காப்புக்காடு:

தேர்வு பற்றி நான் சொல்கிறேன். வனக்காப்பாளர், வனக்காவலர் இடங்கள் 2024-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குள் வந்தன. வனத்தொழில் பழகுநர் குரூப் 6, உதவி வனப் பாதுகாவலர் குரூப் 1ஏ. இந்த இரண்டிலும் வனவியல் பட்டதாரிகளுக்கான முன்னுரிமை விதியை அறிவிப்பில் முதலில் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வுக்கு விலங்கியல் பட்டம் போதும். முதல்நிலைத் தேர்வு சிவில் சர்வீஸோடு சேர்ந்தே நடக்கும்.

நடைத் தேர்வில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. ஐ.எஃப்.எஸ்.ஸில் நான்கு மணி நேரத்தில் ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 14. பெண்களுக்கு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான், வேகம் பெரிதில்லை. புதுச் சப்பாத்து போட்டு வந்து பாதம் கொப்பளித்து உட்கார்ந்துவிடுவது, முதல் மணி நேரத்தில் ஓடிவிட்டுத் தசை பிடித்துக்கொள்வது, இதுதான் நடக்கிறது. பழைய சப்பாத்து, தடித்த காலுறை, சீரான நடை.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள்: சீருடை வேலையில் மக்களோடு பேசுவதும் உண்டு, அவர்கள் மேல் வழக்குப் போடுவதும் உண்டு. காலையில் யாரிடம் கூட்டத்துக்கு வரச் சொன்னோமோ, மாலையில் அவர் மாட்டைக் காட்டில் இருந்து வெளியேற்ற வேண்டியிருக்கும். இதற்கு மனது ஒப்பினால் இது நிலையான வேலை, களத்தில் நேரடியாக அதிகாரம் உள்ள வேலை. ஒப்பாவிட்டால் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் மாதிரி மாவட்ட நிர்வாகத்தோடு இருக்கிற ஒப்பந்த வேலைகளைப் பாருங்கள்.

வைகைக்கரை:

சம்பளம் பற்றி நான் சொல்ல விட்டுவிட்டேன். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. திட்டப் பணிகள் ஓரிரு வருடத்தில் முடிந்துவிடும், பணம் மாதக் கணக்கில் தாமதமாகும், மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் சேராதீர்கள். தொண்டு நிறுவனக் களப்பணிக்குச் சம்பளம் இதைவிடக் குறைவு. சேருமுன் எழுத்தில் கேட்கவேண்டியவை: விபத்துக் காப்பீடு உண்டா, பயணப்படி எவ்வளவு, பெண் களப்பணியாளர் தங்க எங்கே இடம், இரவுக் களத்துக்கு உடன் யார், பாம்புக்கடி மருந்து உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனை எது, சேகரித்த தரவை உங்கள் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தலாமா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் அதிகம்.

ஏட்டுக்கரை:

மரபுத் தலம் பற்றி. அரிட்டாபட்டியில் 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். ஆனாலும் 2024-இல் அந்தப் பகுதியையும் சேர்த்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டது. மேலூர் பக்கத்துக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. அறிவிப்பு இருந்ததால் பேச ஒரு ஆதாரம் கிடைத்தது, காத்தது ஊர். எனவே அறிவிப்புக்கு ஆசைப்படுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், ஊரில் உள்ள உயிர்வகைகளை எழுதிவைக்கிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். 2020 ஜனவரி 31-க்குள் முடிக்கவேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால் நாடு முழுவதும் அவசர அவசரமாக எழுதப்பட்ட பதிவேடுகள் ஏராளம். பக்கத்து ஊர்ப் பட்டியலை அப்படியே நகல் எடுத்ததும் இருக்கும். உங்கள் கணக்கேட்டில் உள்ள பறவைகள் அதில் இல்லை என்றால், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டித் திருத்தச் சொல்லி மனுக் கொடுங்கள். உங்கள் முதல் உருப்படியான வேலை அதுவாகவே இருக்கலாம்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அன்றைக்குப் போய்க் கை தூக்கினால் சத்தத்தில் அமுங்கிப்போகும். ஒரு வாரம் முன்னாலேயே ஊராட்சிச் செயலரிடம் மனுக் கொடுத்துக் கூட்டப்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள், தலைவர் பதவியில் இல்லாத காலம் என்றால் தனி அலுவலருக்கும் ஒரு நகல். மனுவில் ஒரே கோரிக்கை: "நவம்பர் முதல் மார்ச் வரை கண்மாய்க்குள் வேட்டு வெடிக்கக் கூடாது என்பதை அடுத்த மீன்பாசி ஏல நிபந்தனையில் சேர்க்க நீர்வளத்துறையையும் மீன்வளத்துறையையும் இச்சபை கேட்டுக்கொள்கிறது." கூடு எண்ணிக்கை அட்டவணையை ஒரு பக்கத்தில் இணையுங்கள். மனுவை முன்மொழிய ஆயக்கட்டு விவசாயி ஒருவர், வழிமொழிய ஒரு பெண் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பேசவேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி, அதன் பிறகு எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். தீர்மான நகலை விரைவுத் தபாலில் நீர்வளத்துறை உதவி செயற்பொறியாளருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்பிவிட்டு, ரசீதைக் கணக்கேட்டிலேயே ஒட்டி வையுங்கள்.